நிலத்தின் விலை: நோபல் பரிசு பெற்ற நான்கு உழவர் நாவல்கள்

ஆராயும் கேள்வி

நோபல் இலக்கியப் பரிசின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர், உழவனுடைய வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவல்களுக்கு அதில் ஒரு சிறப்பிடம் வாய்த்திருப்பதைக் காண்பார். 1920ஆம் ஆண்டுக்குரிய பரிசு நார்வே நாட்டு நட் ஹாம்சனுக்கு, அவர் அதுகாறும் எழுதியிருந்த மற்ற நூல்களையெல்லாம் விடுத்து, 1917இல் வெளிவந்த 'நிலவளம்' என்ற ஒரே நாவலின் பெயரைக் குறித்து அளிக்கப்பட்டது. நான்காண்டுகள் கழித்துப் போலந்தின் விளாடிஸ்லாவ் ரேமாண்ட், 1904 முதல் 1909 வரையில் நான்கு பருவங்களின் பெயரால் நான்கு பாகங்களாக வெளியிட்ட 'குடியானவர்கள்' என்ற நாவலின் பொருட்டு அதே கௌரவத்தைப் பெற்றார். 1938இல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளரான பேர்ல் பக்கின் கீர்த்திக்கு ஆதாரமாக நின்றது, சீனக் குடியானவன் ஒருவனுடைய ஏற்றத்தையும் முதுமையையும் சொல்லும் 'நல்ல நிலம்' (1931). 1955இல் ஐஸ்லாந்தின் ஹால்டோர் லாக்ஸ்னஸ் பரிசு பெற்றபோது, 1934இலும் 1935இலும் இரு பகுதிகளாக வெளிவந்த அவருடைய 'சுயேச்சை மக்கள்' ஏற்கெனவே தன் நாட்டு எல்லையைக் கடந்து புகழடைந்திருந்தது.

முப்பத்தைந்து ஆண்டுக் காலத்துக்குள், ஒரே அகாதெமியின் கையால், மண்ணையும் மனிதனையும் பற்றி எழுதிய நால்வர் முடிசூட்டப்பட்டனர். நால்வரையும் சேர்த்துப் பாராட்டுவோர் உழைப்பின் மகிமை, மண்ணின் மாறாத தன்மை, காவியத்துக்குரிய விரிவு என்ற மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றனர். இவற்றில் எதையும் நான் மறுக்க வரவில்லை. ஆயினும் நான்கு நாவல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும் ஒருவனுக்கு, இந்தப் பாராட்டுரைகள் தொடாமல் விட்ட ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது. நிலம் எங்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கு ஒரு கிரயம் உண்டு. அந்தக் கிரயத்தை இந்நாவல்களில் யார் செலுத்துகிறார்கள்? பட்டாவில் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஆண்மகனா, அன்றி அப்பட்டாவில் எங்கும் பெயர் இல்லாத அவன் மனைவியும் மகளும், அவனுக்கு முன்னே அந்நிலத்தில் நடமாடியவர்களுமா? ஒவ்வோர் ஆசிரியரும் இந்தச் செலவை எவ்வளவு நேர்மையாகக் கணக்கில் எழுதுகிறார் என்பதைக் கொண்டே அவரவர் நாவலை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. நால்வரையும் மொழிபெயர்ப்பு வழியாக வாசிக்கிறோமாதலால், நடையழகைப் பற்றிய தீர்ப்பை ஒதுக்கி வைத்து, கதை நிகழ்ச்சிகளையும் அவை அடுக்கப்பட்டிருக்கும் முறையையுமே சான்றாகக் கொள்கிறேன்.

இதுவரை சொல்லப்பட்டவை

ஹாம்சனைப் பற்றிய அபிப்பிராயங்கள் இரு துருவங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. 'நிலவளம்' வெளிவந்த காலத்தில் ஐரோப்பா உலகப் போரின் நடுவில் இருந்தது. பீரங்கிகளால் உழப்பட்ட வயல்களைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு, காட்டைத் திருத்தி உருளைக்கிழங்கு நட்டு வாழும் ஒரு மனிதனின் கதை அருமருந்தாக வந்து சேர்ந்தது. எச். ஜி. வெல்ஸ், தாமஸ் மன் போன்ற பெரும் எழுத்தாளர்கள் ஹாம்சனை மனமாரப் புகழ்ந்தனர். மறு துருவத்தில் நிற்பவர் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் லியோ லோவெந்தால். அவர் 1937இல் எழுதிய ஒரு நீண்ட ஆய்வில், ஹாம்சனின் இயற்கை வழிபாட்டுக்குள்ளேயே சர்வாதிகாரத்துக்குத் தலைவணங்கும் மனப்பான்மையின் வித்துக்கள் கிடக்கின்றன என்று வாதித்தார். பின்னர் நடந்தவை அந்த வாதத்துக்கு அச்சமூட்டும் வலுவைத் தந்தன. 1943இல் ஹாம்சன் தம் நோபல் பதக்கத்தைக் கெப்பல்ஸுக்குக் காணிக்கையாக அனுப்பினார். 1945 மே மாதத்தில் ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதினார். போருக்குப் பின் தம் நாட்டு நீதிமன்றத்தால் பெருந்தொகை அபராதம் விதிக்கப்பெற்றார். அன்று முதல், மனிதனை மறந்து நூலைப் போற்று என்பாரும், மனிதனை நினைத்து நூலை விலக்கு என்பாருமாக வாசகர்கள் பிளவுபட்டுப் போயினர். இரு சாராருமே நூலுக்குள் நுழையாமல் வாயிற்படியில் நின்று பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பேர்ல் பக்கைப் பற்றிய விவாதம் வேறு வகையைச் சேர்ந்தது. சீன அறிஞர் கியாங் காங்-ஹு 1933இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியபோது, தாழ்ந்த நிலையிலுள்ள சிலரைச் சீனாவின் முகமாகக் காட்டிவிட்டார் என்று குறைகூற, பெரும்பான்மை மக்களைப் பற்றித்தான் எழுதினேன் என்று ஆசிரியை அதே பத்திரிகையில் பதில் கொடுத்தார். ரேமாண்டின் நாவல் எழுதப்பட்ட காலத்தில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. பரிசு கிடைத்த காலத்திலோ அது சுதந்திர நாடாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அந்நூல் தேசிய காவியமாக வாழ்த்தப்பட்டது இயல்பே. லாக்ஸ்னஸ் மட்டும் தம் மக்களிடம் முதலில் வசையைத்தான் வாங்கினார். ஐஸ்லாந்தின் குடியானவனை இழிவுபடுத்திவிட்டார் என்று அரசியல்வாதிகளும் விவசாயிகளும் கொதித்தனர். அந்தக் கோபத்துக்குக் காரணம் என்ன என்பதைப் பின்னால் காண்போம்.

ஈசாக்கின் காடு

'நிலவளம்' ஒரு பாதையுடன் தொடங்குகிறது. சதுப்பு நிலத்தைக் கடந்து காட்டுக்குள் செல்லும் அந்த ஒற்றையடிப் பாதையை முதன்முதலில் மிதித்தவன் இங்கே வந்த முதல் மனிதன் என்றும், அவனுக்குப் பின்னரே மிருகங்களும், கலைமான் மேய்க்கும் லாப்பியரும் அத்தடத்தை மோப்பம் பிடித்து வந்தனர் என்றும் ஹாம்சன் கூறுகிறார். இலக்கியச் சுவையில் ஆழ்ந்துவிட்ட வாசகன் இதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவான். நான் இங்கே சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். லாப்பியர் என்று நாவல் குறிப்பிடும் ஸாமி இனத்தார் நார்வேயின் வடபுலத்தில் தொன்றுதொட்டுக் கலைமான்களோடு அலைந்து திரிந்தவர்கள். மேய்ப்பர்களுடைய காட்டில் உழவனுக்குப் பின்னால் மேய்ப்பன் வந்தான் என்று எழுதுவதன் மூலம், உரிமையாளர் அற்ற பொதுநிலம் என்ற எண்ணத்தை ஆசிரியர் முதற் பக்கத்திலேயே நிலைநாட்டி விடுகிறார். அதன் பின் நாவல் முழுவதும் அவர்கள் இரந்து திரியும் நிழல்களாகவே வருகின்றனர். கதைத்தலைவன் ஈசாக்கின் மனைவியான இங்கர் கருவுற்றிருந்தபோது அவள் முன் முயலைக் காட்டி அவள் வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு விளைவிப்பவனும் அவர்களில் ஒருவனே. நிலத்தின் முதல் தவணை இவ்வாறு கதை தொடங்கும் முன்பே செலுத்தப்பட்டு விட்டது. அதற்கு ரசீது எதுவும் இல்லை.

ஈசாக்கின் உழைப்பை ஹாம்சன் வருணிக்கும் அழகைக் குறைத்துச் சொல்வது பாவமாகும். மரம் வெட்டுவதும், கல் பெயர்ப்பதும், சில ஆடுகளிலிருந்து ஒரு மந்தையை உண்டாக்குவதும், பிற்காலத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை மனைவி மக்கள் வியந்து நோக்க வீட்டுக்கு ஓட்டி வருவதும் ஆகிய பகுதிகள், உழைக்கும் உடம்பின் ஆனந்தத்தைச் சொல்லில் நிறுத்திய விதத்தில் ஈடிணையற்றவை. ஆனால் பணம் எங்கே நுழைகிறது என்று தேடிப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் புலனாகிறது. நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது, அதைக் கிரயம் செய்துகொள்ள வேண்டும் என்ற செய்தியை ஈசாக்குக்குக் கொண்டுவருபவர் கைஸ்லர் என்ற அதிகாரி. பதவி இழந்த பின்னும் அவரே பத்திரத்துக்கு வழி செய்கிறார். மலைமேட்டில் செப்புத் தாது இருப்பதைக் கண்டு அதற்காக ஈசாக்கின் கையில் பணத்தைச் சேர்ப்பவரும் அவரே. நெருக்கடி தோன்றும் ஒவ்வொரு வேளையிலும் இந்த மனிதர் எங்கிருந்தோ வந்து குதிக்கிறார். கடன், வட்டி, விலைவீழ்ச்சி ஆகிய மூன்று பேய்களும் ஈசாக்கின் வாயிலை அணுகாதிருப்பதற்கு அவனுடைய வலிய தோள்களோடு கைஸ்லரின் தயையும் காரணம் என்பதை நாவலே சொல்கிறது; அந்நாவலைப் போற்றியவர்கள் சொல்லவில்லை. ஹாம்சன் தம் சொந்த வாழ்வில் 1918இல் நோர்ஹோல்ம் என்ற பண்ணையை விலைக்கு வாங்கி, புத்தகங்கள் ஈட்டித் தந்த செல்வத்தை அதன் சீர்திருத்தத்தில் செலவிட்டவர். மண்ணுக்கு வெளியிலிருந்து பணம் வந்து மண்ணைக் காப்பாற்றுவது அவருக்கு அனுபவ சத்தியமாகவே இருந்தது.

இரண்டு சிசுக்கொலைகள்

இங்கர் பிளவுபட்ட உதட்டுடன் பிறந்தவள். அதன் காரணமாகவே வேறு யாரும் கொள்ளாமல் ஈசாக்கிடம் வந்து சேர்ந்தவள். அதே குறையோடு ஒரு பெண் மகவு பிறந்தபோது, தான் பட்ட அவமானத்தை இதுவும் படவேண்டாம் என்று அதைக் கொன்று புதைக்கிறாள். எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று டிராண்ட்யெம் நகருக்குப் போகிறாள். அங்கே உதடு சீர்செய்யப்பட்டு, தையற்கலை பயின்று, சிறையில் பிறந்த இன்னொரு பெண்குழந்தையோடு, தண்டனைக் காலம் முழுதும் முடியும் முன்பே திரும்புகிறாள். நாவலின் பிற்பகுதியில் பார்ப்ரோ என்ற இளம்பெண்ணும் பிறந்த குழந்தையைக் கொல்கிறாள். அவள் வழக்கு மன்றத்தில், படித்த சீமாட்டி ஒருத்தி பெண்களின் துயரத்தைப் பற்றிப் பெரிய பிரசங்கம் செய்ய, விடுதலை பெறுகிறாள். இரு நிகழ்ச்சிகளையும் எதிரெதிரே வைத்து ஹாம்சன் உணர்த்த விரும்பும் கருத்து தெளிவானது: தண்டனையை ஏற்றவள் மீண்டாள், தப்பித்தவளைச் சமூகம் கெடுத்தது. 1915இல் அவர் பத்திரிகையில், சிசுவைக் கொல்லும் தாய்மாரைத் தூக்கிலிட வேண்டும் என்று கடுமையாக எழுதியிருந்ததை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

எனினும் ஒரு பெரிய கலைஞனின் கை, அவனுடைய பத்திரிகைக் கட்டுரையைக் காட்டிலும் நுட்பமானது. இங்கரின் செயலுக்குப் பின்னாலிருக்கும் நாணமும் பயமும் இரக்கமும் கலந்த உணர்வை அவர் சித்திரித்திருக்கும் பக்கங்களைப் படித்தவர் எவரும் அவளைத் தூக்கிலிடச் சொல்ல மாட்டார். அவள் இல்லாத ஆண்டுகளில் ஈசாக் தனியே பண்ணையைக் கட்டிக் காக்கும் பகுதியில், அவனுடைய மௌனத்தின் ஊடே அந்த வீட்டின் வெறுமை வெளிப்படுகிறது. நிலவளத்தின் விலையில் பெரும்பங்கு இங்கரின் சிறைவாசம் என்பதை ஹாம்சன் உணர்ந்தே எழுதினார். உணர்ந்ததைத் தம் கொள்கைக்கு அடக்கி, அதை ஒரு பாவமன்னிப்பின் கதையாக்கி முடித்துவிட்டார் என்பதே என் குறை.

இதனோடு ஒப்பிட வேண்டியது 'நல்ல நிலம்' நூலில் வரும் ஓலானின் செயல். பஞ்சம் உச்சத்தில் இருக்கிறது. எருதைக் கொன்று தின்றாயிற்று. எல்லாரும் எலும்பும் தோலுமாகக் கிடக்கையில் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறக்கிறது. அறைக்குள் யாரையும் வரவிடாமல் தனியே பெற்றெடுக்கிறாள். கணவன் வாங் லுங் உள்ளே வரும்போது குழந்தை இறந்து கிடக்கிறது. அதன் கழுத்தில் இரண்டு கன்றிய தடங்கள் இருக்கின்றன. அவன் ஒன்றும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சிறு உடலைப் பாயில் சுற்றி எடுத்துப் போய்ப் பழைய சமாதி ஒன்றின் அருகே வைக்கிறான். பசித்த நாய் ஒன்று பக்கத்தில் காத்திருக்கிறது. போலீசும் நீதிமன்றமும் பிரசங்கமும் இல்லை. ஆசிரியை இதற்கு விளக்கவுரையும் எழுதவில்லை. நான்கு நாவல்களிலும் மிகச் சாமானியமான நடையுடையது என்று விமர்சகர்கள் கருதும் இந்நூல், இந்த ஓரிடத்தில் ஹாம்சனைத் தாண்டி நிற்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

முத்துக்களின் நிகழ்ச்சியும் அத்தகையதே. தென்னகரத்தில் செல்வர் மாளிகை சூறையாடப்பட்டபோது ஓலான் கண்டெடுத்த இரத்தினங்களே வாங் லுங்குக்குப் பெருநிலம் வாங்கக் கைகொடுத்தன. பெரிய வீட்டில் அடிமையாக வளர்ந்தவளுக்குத்தான் சுவரில் எந்தக் கல்லுக்குப் பின்னால் செல்வம் ஒளித்து வைக்கப்படும் என்பது தெரிந்திருந்தது. அத்தனையிலும் இரண்டே இரண்டு சிறு முத்துக்களை வைத்துக்கொள்ள அவள் அனுமதி கேட்டு வாங்குகிறாள். பல ஆண்டுகளுக்குப் பின், தாமரை என்ற பெயருடைய நகரத்துப் பெண்ணிடம் மயங்கிய கணவன், துணி வெளுத்துக்கொண்டிருக்கும் ஓலானிடம் வந்து அவ்விரு முத்துக்களையும் கேட்கிறான். அவள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கண்ணீரைத் துடைக்காமல், துணியை மரக்கோலால் அடிப்பதைத் தொடர்கிறாள். அந்த நிலம் யாருடைய கைப்பொருளால் வாங்கப்பட்டது என்பதை வாசகன் அறிவான். வாங் லுங் மறந்துவிட்டான். பேர்ல் பக், வேளாண் பொருளாதார அறிஞரான ஜான் லாசிங் பக்கின் மனைவியாக வட அன்ஹுயி கிராமங்களில் பெண்களின் அறைகள் வரை சென்று பழகியவர். மேல்நாட்டார் சீனாவைப் பற்றி எழுதிய எத்தனையோ நூல்களில் இல்லாத ஓர் உண்மை இங்கே கைகூடியிருப்பதற்கு அந்தப் பழக்கமே காரணம். நூலின் பிற்பாதி செல்வக் குடும்பக் கதையாகத் தளர்ந்துவிடுவது மெய்தான். ஓலான் இறந்த பின் அந்நாவலும் பாதி உயிரை இழந்துவிடுகிறது.

லிப்ட்சே கிராமம்

ரேமாண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அவருடைய நாவலின் பொருள் ஒரு தனிமனிதன் அன்று, லிப்ட்சே என்ற ஒரு கிராமம். இலையுதிர்காலத்தில் தொடங்கிக் கோடையில் முடியும் ஓராண்டு வட்டத்தில், பணக்காரக் குடியானவனான போரினா என்ற கிழவர் யாக்னா என்ற இளம்பெண்ணை மூன்றாந்தாரமாக மணக்கிறார். அவளுக்கு நிலத்தில் ஒரு பங்கை எழுதி வைக்கிறார். மகன் ஆன்டெக் அவளிடம் மோகம் கொள்கிறான். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலுள்ள பகை, பெண்ணைப் பற்றியதா நிலத்தைப் பற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆசிரியர் இரண்டையும் பின்னியிருக்கிறார். கல்யாணப் பேச்சு நிலப்பேச்சாகவே நடக்கிறது. பண்ணைப் பிரபுவுக்கும் கிராமத்தாருக்கும் காட்டின்மீதுள்ள உரிமை பற்றிய கலகம் வேறு. 1864இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னும் காட்டுப் பாத்தியதை தீராத வழக்காக நீடித்த போலந்து மண்ணின் வரலாறு இதற்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது.

போரினா மரணப்படுக்கையிலிருந்து எழுந்து, வசந்த இரவில் வயலுக்குச் சென்று, விதைக்குப் பதில் மண்ணையே அள்ளிச் சட்டையில் கட்டி விதைத்தபடி உயிர்விடும் காட்சி உலகப் புகழ்பெற்றது. காவியம் என்ற சொல்லுக்கு அக்காட்சி முற்றிலும் தகுதியுடையது. ஆனால் அதோடு நாவலை முடித்துக்கொள்ள மனம் வராமல், இறுதியில் யாக்னாவைக் கிராமமே ஒன்றுகூடி எருவண்டியில் ஏற்றி ஊரைவிட்டுத் துரத்துவதையும் ரேமாண்ட் எழுதினாரே, அதில்தான் அவருடைய மேன்மை விளங்குகிறது. கிழவனின் மரணத்துக்குக் கொடுத்த அதே வலிமையை, பெண்ணின் அவமானத்துக்கும் அவர் கொடுத்திருக்கிறார். ஊரின் பாவங்களையெல்லாம் நிலமும் காவலும் அற்ற ஒருத்தியின் தலையில் ஏற்றி ஊர் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்கிறது. மறுநாள் அறுவடை நடக்கிறது. தேசிய காவியம் என்று கொண்டாடியவர்கள் முதற்காட்சியை எடுத்தார்கள். இரண்டாவதைப் பேசாமல் விட்டார்கள்.

பியார்ட்டூரின் கணக்கு

லாக்ஸ்னஸின் நாவலுக்கு வரும்போது, நிலத்தின் விலை என்பது மறைபொருளாக இருந்த நிலை மாறி, கதையின் முதுகெலும்பாகவே ஆகிவிடுகிறது. பியார்ட்டூர் மணியக்காரரின் பண்ணையில் பதினெட்டு ஆண்டு கூலிக்கு உழைத்து, ஒரு பாழ்நிலத்தை வாங்குகிறான். குளிர்மனை என்று வழங்கி வந்த அவ்விடத்துக்குக் கோடைமனை என்று புதுப்பெயர் சூட்டுகிறான். அங்கே உறையும் பேய்க்குக் கல் ஒன்று இட்டுச் செல்லும் பழைய வழக்கத்தையும் ஏற்க மறுக்கிறான். எவருக்கும் கடன்படாதவன், எவருக்கும் தலை குனியாதவன் என்பதே அவனுடைய வேதம். நடந்துகொண்டே பழைய கடினமான யாப்பில் கவி புனையும் ஆற்றலும் அவனுக்கு உண்டு. ஹாம்சனின் உழவனைக் கண்டு வியந்தவர்கள் வியப்பதற்குரிய எல்லாக் குணங்களும் இவனிடம் நிறைந்திருக்கின்றன. ஹாம்சனின் நூலுக்கு மறுமொழியாகவே இதைப் படைத்ததாக லாக்ஸ்னஸ் தாமே பின்னாளில் தெரிவித்தார். வாசகன் அதைக் கேள்விப்படாமலே ஊகித்துவிடலாம். பியார்ட்டூரின் கலியாணத்தில், நகரத்தில் வளர்ந்து கல்வி கற்ற மணியக்காரரின் மனைவி, தானும் ஒரு கவியாதலால், குடியானவ வாழ்வின் புனிதத்தையும் மண்ணின் தாய்மையையும் பற்றி உருக்கமான சொற்பொழிவாற்றுகிறாள். அவள் பேசுவது ஏறக்குறைய ஹாம்சனை வாழ்த்தியோர் பேசியதே. அவள் கணவனுக்குத்தான் பியார்ட்டூர் நிலத்தின் தவணையைக் கட்டவேண்டும். அவள் மகனுடைய கருவைத்தான் மணப்பெண் ரோசா வயிற்றில் சுமந்து நிற்கிறாள். ஒரே காட்சியில் புகழுரையும் கணக்குப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கப்படுகின்றன.

ரோசாவின் பசியை வருணிக்கும் அத்தியாயங்களே இந்நாவலின் இதயம். ஆட்டை விற்றுக் கடனைத் தீர்க்க வேண்டியவனின் வீட்டில் ஆட்டிறைச்சி உண்ண முடியாது. பசு இல்லாத வீட்டில் பாலும் இல்லை. கருவுற்ற பெண் உப்புமீனைத் தின்று காலங்கழிக்கிறாள். இலையுதிர்காலத்தில் ஆடுகளைத் திரட்ட மலைக்குப் போகும் பியார்ட்டூர், அவளுக்குத் துணையாகப் பெட்டை ஆடு ஒன்றைக் கட்டிவிட்டுப் போகிறான். இரவெல்லாம் புயல்; பேய்க்கதைகள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் தன்னந்தனியே அச்சத்தில் நடுங்கிய அவள், ஆட்டின் கனைப்பில் ஏதோ பிசாசின் குரலைக் கேட்டவள்போல அதை அறுத்துவிடுகிறாள். பின் அதன் இறைச்சியை வேகவைத்து, பல மாத வேட்கை தீர உண்கிறாள். திரும்பி வந்த கணவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. காணாமற்போன ஆட்டைத் தேடிப் பனிவெளியில் அலையப் போகிறான் அவன். கலைமான் ஒன்றின்மேல் ஏறிப் பனியாற்றில் மூழ்கி எழுந்து, வீரகாவியத் தலைவனுக்கு நிகரான சாகசத்தோடு உயிர் தப்பித் திரும்புகிறான். அந்த வீரச்செயல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ரோசா வீட்டில் தனியே பிள்ளை பெற்று இறந்து கிடக்கிறாள். சிசுவைத் தன் உடம்பின் வெப்பத்தால் காத்துக்கொண்டிருக்கிறது வீட்டு நாய். தின்று தீர்ந்துபோன ஓர் ஆட்டைத் தேடித்தான் அத்தனை சாகசமும் என்பதை நினைக்கும்போது, வீரம் என்ற சொல்லே நம் கையில் கனக்கிறது. லாக்ஸ்னஸ் பியார்ட்டூரின் வீரத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. அதன் செலவை மட்டும் அடுத்த பக்கத்தில் எழுதி வைத்துவிட்டார்.

இரண்டாம் மனைவி பின்னாவின் கதையும் இதே வழியில் செல்கிறது. அவள் உயிரோடு கலந்திருந்த பசுவை, வைக்கோல் தட்டுப்பாடு ஏற்பட்ட ஒரு வசந்தத்தில், ஆடுகளைக் காப்பதற்காகப் பியார்ட்டூர் அறுத்துவிடுகிறான். அவளும் அதிக நாள் இருப்பதில்லை. ரோசா பெற்ற மகள் ஆஸ்டா சோல்லில்யாவை, தன் இரத்தம் இல்லை என்று தெரிந்தும் தன் மலராகவே வளர்த்தவன், அவள் கருவுற்றாள் என்று அறிந்தவுடன் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். பிறகு உலகப் போர் வருகிறது. அயல்நாட்டில் மனிதர் மடிய மடிய ஐஸ்லாந்தின் கம்பளிக்கும் இறைச்சிக்கும் விலை ஏறுகிறது. நிலத்தின் தவணை தவிர அதுவரை வேறு கடன் வாங்காத மனிதன், எளிதில் கிடைத்த கடனை வாங்கி ஒரு காங்கிரீட் வீடு கட்டுகிறான். குடியிருக்கத் தகுதியற்ற குளிர்ந்த வீடு அது. போர் முடிந்து விலை சரிந்தபோது நிலமும் வீடும் ஏலத்தில் போகின்றன. மணியக்காரரின் மகனோ கூட்டுறவுச் சங்கம், வங்கி, அரசாங்கம் என்று படிப்படியாக உயர்ந்துவிட்டான். பியார்ட்டூரைக் கெடுத்தது இயற்கையும் பேயும் அல்ல, விலைவாசியும் வட்டியும் என்று பெயர் சொல்லி எழுதியதே தாய்நாட்டாரின் கோபத்துக்கு உண்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

எதிர்வாதங்களும் முடிவும்

காவியத்திடம் கடன்பத்திரத்தைக் காட்டச் சொல்வது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். கைஸ்லரையும் கிரயப் பத்திரத்தையும் ஹாம்சனே கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்பது அதற்கு விடை. ஆசிரியர் திறந்த கணக்கை வாசகன் கூட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. ஹாம்சனின் அரசியல் அவர் நாவலைக் கறைப்படுத்துமானால், லாக்ஸ்னஸின் அரசியல் அவர் நாவலை விட்டுவிடுமா? 1932இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்து அதைப் புகழ்ந்து எழுதியவர் அவர். அக்காலத்திலேயே உக்ரேனில் குடியானவர்களின் தானியம் பறிக்கப்பட்டுப் பெரும் பஞ்சம் மூண்டது. தம் நாட்டுக் குடியானவனின் கடனைக் காசு காசாக எண்ணிய கண்கள், அங்கே மூடிக்கொண்டன. 1963இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அந்தப் பழைய நம்பிக்கையை அவர் வெளிப்படையாகக் கைவிட்டார். இது அவர்மேல் நிற்கும் குற்றமே, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குருட்டு நம்பிக்கை 'சுயேச்சை மக்க'ளின் முடிவுக்குள் புகவில்லை. அதன் கடைசிப் பகுதியில் எந்தக் கட்சியும் வந்து பியார்ட்டூரைக் காப்பாற்றுவதில்லை. தான் துரத்திய மகளை, நோயுற்று இரத்தம் கக்கும் நிலையில், கைகளில் ஏந்திக்கொண்டு, முன்னிலும் மோசமான இன்னொரு மேட்டுநிலத்தை நோக்கி அவன் நடக்கிறான். கருத்தில் தவறிய ஆசிரியர் கலையில் தவறவில்லை. ஹாம்சனோ, கலையில் கண்டுகொண்ட இங்கரின் துயரத்தைத் தம் கருத்துக்கு இணங்க மூடிவிட்டார். இருவருக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

தமிழ் வாசகருக்கு ஹாம்சன் புதியவர் அல்லர். க. நா. சுப்ரமண்யம் 'நிலவளம்' என்ற அழகான பெயரிலேயே அந்நாவலைத் தமிழில் தந்து, செல்மா லாகர்லெவ், பேர் லாகர்குவிஸ்ட் முதலியோரையும் கொண்டுவந்து, நமக்குச் செய்த உபகாரம் பெரிது. அவர் காட்டிய வழியில் வந்த வாசகர் பலர், மண்ணோடு மனிதன் கொள்ளும் உறவுக்கு ஈசாக்கையே இலக்கணமாகக் கொண்டுவிட்டனர். அந்த மதிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. கலைத்திறனில் ஹாம்சன் பேர்ல் பக்கினும் மிக உயர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் நிலத்தின் விலையைச் சொல்லும் நேர்மையில் ஓலானின் இரண்டு முத்துக்கள் ஈசாக்கின் பண்ணை முழுவதையும்விடக் கனமானவை. ரேமாண்ட் அவ்விருவருக்கும் மேலே நிற்கிறார். நால்வரிலும் தலையாயவர் லாக்ஸ்னஸ். 'நிலவள'த்தை ஏற்கெனவே படித்து நெகிழ்ந்தவர்கள், அந்த நெகிழ்ச்சியைச் சிறிதும் விட்டுவிடாமல், அடுத்ததாகச் 'சுயேச்சை மக்க'ளை எடுத்து, அவசரப்படாமல், முக்கியமாக ரோசாவின் அத்தியாயங்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.